அங்கணம்: போடிநாயக்கனூரிலும் ஏலமலைச் சரிவிலும் சமையலறை வடிகாலின் வரலாறு

அங்கணம் என்பது வீட்டுக்குள் பாத்திரம் துலக்கவும், அரிசி களையவும், கை கழுவவும் ஒதுக்கப்பட்ட, நீர் வெளியேற வழியுள்ள இடம். மதுரை, தேனி வட்டாரங்களில் அந்த நீர் போய் விழும் குழியை அங்கணக்குழி என்பர். பேச்சில் அது ‘அங்கணாக்குழி’ ஆகும். இன்று அந்த இடத்தில் எவர்சில்வர் சிங்க் இருக்கிறது. அதன் அடியிலுள்ள ஒரே குழாயில் கிரைண்டர் கழுவிய நீர், குடிநீர் சுத்திகரிப்புக் கருவி ஒதுக்கும் நீர், பல வீடுகளில் சலவை இயந்திரத்தின் நீர் எல்லாம் சேர்கின்றன. தரையில் இருந்த ஒரு மூலை இப்படி மாறியதன் கதை தமிழ் வீடுகள் அனைத்துக்கும் பொதுவானது. ஆனால் மலையடிவாரத்தில் ஊரும், மலைமேல் தோட்டக் குடியிருப்புகளும் கொண்ட போடிநாயக்கனூர்ப் பகுதியில் அது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறது. மேலே ஊற்றிய நீர் கீழே யாருடைய குடத்துக்கு வருகிறது என்பதே அது.

சொல்லும் பழமையும்

அங்கணம் புதிய சொல் அன்று. திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் (720) அது வருகிறது. தன் இனத்தவர் அல்லாதார் அவையில் பேசுவது, அங்கணத்தில் அமிழ்தைக் கொட்டுவது போன்றது என்பது அதன் கருத்து. பரிமேலழகர் அங்கணத்தைத் தூய்மையற்ற முற்றம் என்று விளக்குகிறார். உவமைக்கு எடுத்தாளும் அளவுக்கு அந்த இடம் எல்லோருக்கும் பழக்கமானதாக இருந்திருக்கிறது.

மூடிய வடிகாலுக்கும் தனிச்சொல் உண்டு. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் வரும் ‘சுருங்கை’ நிலத்தடி வழியைக் குறிக்கிறது. வடமொழியிலும் இதே சொல் இருக்கிறது. கிரேக்க மொழியில் குழலைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதுகின்றனர். குளத்திலும் சுவரிலும் நீர் வெளியேறும் துளைக்குத் ‘தூம்பு’ என்று பெயர்.

வைகைக் கரையிலுள்ள கீழடியில் 2014-15 முதல் நடந்துவரும் அகழாய்வுகளில் செங்கல் கட்டுமானங்களும், உறைகிணறுகளும், நீர் செல்லும் திறந்த வாய்க்கால்களும், ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்களும் கிடைத்தன. அவை சமையலறைக்கு உரியவையா தொழிற்கூடத்துக்கு உரியவையா என்பது வேறு விவாதம். ஒரு குழாயின் வாயில் மற்றொன்றைச் செருகி நீரை வாட்டம் பார்த்துச் செலுத்தும் அறிவு வைகைக் கரையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானது என்பதில் ஐயமில்லை. போடியை ஒட்டி ஓடும் கொட்டகுடி ஆறு தேனிப் பகுதியில் கலப்பதும் அதே வைகையில்தான்.

கழனிப்பானைக் காலம்

பழைய வீடுகளில் அங்கணம் தரைமட்டத்தில் இருந்தது. அடுக்களையின் ஒரு மூலையில் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு வரம்பு கட்டி, உள்ளே கல் பாவி, சுவரில் ஒரு தூம்பு விட்டிருப்பார்கள். பகலில் நீர் போகும். இரவில் எலியும் பாம்பும் வராமல் அதில் துணிப்பந்தை அடைப்பார்கள். நீருக்குத் திறந்தும் மற்றவற்றுக்கு மூடியும் இருக்க வேண்டிய துளை இது. பிற்காலத்துக் குழாய் வேலை முழுவதும் இந்த முரணைத் தீர்க்கும் முயற்சிதான்.

அன்று அங்கணத்துக்குப் போன நீர் குறைவு, ஏனெனில் நீர் முழுவதும் குடத்தில் வந்தது. இரண்டு தெரு தள்ளியிருந்த கிணற்றிலிருந்து சுமந்து வந்தவளுக்குத்தான் அதன் விலை தெரியும். அரிசி களைந்த நீரும் சோறு வடித்த கஞ்சியும் அங்கணத்துக்குப் போகவே இல்லை, கழனிப்பானைக்குப் போயின. மாலையில் அது மாட்டுத் தொட்டிக்குப் போகும். மாடில்லாத வீட்டின் கழனித்தண்ணீரை மாடுள்ள வீட்டார் வந்து வாங்கிப்போவதும் உண்டு. பாத்திரம் துலக்கச் சாம்பல், தேங்காய்நார், பித்தளைக்குப் புளி ஆகியவை போதும். அந்த நீர் கொல்லையில் வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்தது. வடிகால் என்று தனியாக எதையும் கட்டாமலே வேலை நடந்ததற்குக் காரணம், வடிக்கப்பட வேண்டிய நீர் பெரும்பாலும் வேறு ஒருவருக்குத் தேவைப்பட்டதே.

இதைப் பொற்காலமாகச் சொல்வது சரியன்று. கொல்லை இல்லாத, சுவரோடு சுவர் ஒட்டிய நகர வீடுகளில் அங்கண நீர் தெருவாய்க்காலுக்கு வந்து தேங்கியது. தேங்கிய கழிவுநீரில் பெருகும் கொசு யானைக்கால் நோயைப் பரப்பியது. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் வடிகால் அமைத்துப் பராமரிப்பதை நகராட்சிகளின் பொறுப்பில் வைத்தது. ஆனால் அந்தப் பொறுப்பு தெருவோடு முடிந்துவிடும். வாசற்படிக்கு உள்ளே இருக்கும் வடிகால் கொத்தனாரின் கைத்திறனுக்கு விடப்பட்டது.

நீர்ப்பூட்டு

துணிப்பந்துக்கு மாற்று லண்டனிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கடிகாரத் தொழிலாளர் அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் நீர்க்கழிப்பறைக்கான காப்புரிமை பெற்றார். அதில் கழிவுக்குழாயை வளைத்து, வளைவில் எப்போதும் சிறிது நீர் நிற்கும்படி செய்திருந்தார். மேலிருந்து ஊற்றும் நீர் தள்ளிக்கொண்டு போகும். கீழிருந்து வரும் காற்று நிற்கும் நீரைத் தாண்டி வர முடியாது. நீரைக் கொண்டே நீர்வழிக்குப் பூட்டுப் போட்ட இந்த உத்தி கழிப்பறையிலிருந்து குளியலறைக்கும் சமையலறைக்கும் பரவியது.

இந்தியாவில் இதற்குக் கிடைத்த வடிவம் தரையில் பதிக்கும் ‘நாணி ட்ராப்’. மராத்தியில் குளிக்கும் இடத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. தமிழ்நாட்டுப் பிளம்பர் அதைப் பொருள் தெரியாமலே சரளமாகச் சொல்கிறார். வீட்டுக்கு வெளியே, தெருவடிகாலில் சேரும் முன் வைப்பது ‘கல்லி ட்ராப்’. சிங்கின் அடியில் வளைந்திருப்பது ‘பி ட்ராப்’. புட்டி போல இருப்பது ‘பாட்டில் ட்ராப்’. எல்லாவற்றிலும் உள்ள பூட்டு சுமார் இரண்டு அங்குல நீர்தான்.

சமையலறையைப் பொறுத்தவரை ட்ராப்பைவிடப் பெரிய மாற்றம் ஒன்று அதற்கு முன்னால் நடந்தாக வேண்டியிருந்தது. உட்கார்ந்து சமைத்தவர்கள் எழுந்து நின்றார்கள். எரிவாயு அடுப்பு வந்தபின் அடுப்படி மேடையானது. அங்கணமும் தரையிலிருந்து இடுப்புயரம் ஏறி சிங்க் ஆனது. சிங்குக்கும் தரைக்கும் நடுவே கிடைத்த அந்த இரண்டரை அடி இடைவெளியில்தான் வளைகுழாய்க்கு இடம் பிறந்தது. 1960களில் மேட்டூரில் பி.வி.சி. உற்பத்தி தொடங்கி, பின்னர் பிளாஸ்டிக் குழாய் மலிந்தது. சுடுமண், கல்நார், வார்ப்பிரும்புக் குழாய்களின் இடத்தை அது பிடித்தது. ரம்பமும் பசையும் வைத்திருந்தால் யாரும் இணைக்கலாம் என்ற நிலை வந்தது. வேலை எளிதானதைப் போலவே பிழையும் எளிதானது.

மாவு

தமிழ்ச் சமையலறையின் வடிகாலைச் சோதித்த முதல் இயந்திரம் மேல்நாட்டிலிருந்து வரவில்லை. கோயம்புத்தூரில் 1955இல் பி. சபாபதி உருவாக்கிய மாவரைக்கும் கிரைண்டரே அது. ஆட்டுக்கல்லைக் கழுவிய நீர் கொல்லையில் போயிற்று, அல்லது கழனிப்பானையில் சேர்ந்தது. கிரைண்டர் மேடைக்கும் சிங்குக்கும் பக்கத்தில் வந்ததும், கல்லையும் உருளையையும் கழுவிய மாவுத்தண்ணீர் குழாய்க்குள் போனது. உளுந்து மாவின் வழவழப்பு குழாயின் சுவரில் ஒட்டும். அரிசிமாவு அதில் படியும். எண்ணெயும் சோப்பும் சேர்ந்து பிசின் போலாகும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, வடிகால் இல்லாத வீடுகளுக்கும் கிரைண்டர் போய்ச் சேர்ந்தது. பெண்களின் தோளுக்கும் முதுகுக்கும் கிடைத்த விடுதலை பெரிது. கழுவும் நீர் எங்கே போகும் என்பது அந்தத் திட்டத்தின் கேள்வி அன்று. வீட்டு வாசலில் ஒரு சிறு சேறாக அது பதில் சொல்லிக்கொண்டது.

சாம்பலின் இடத்தில் துலக்கும் பொடியும், பிறகு சோப்புக் கட்டியும் வந்தன. மாடுகளும் குறைந்தன. மாடு குடிக்கத் தகுந்ததாக இருந்த நீர் வாழைக்கு மட்டும் தகுந்ததாகி, பிறகு அதற்கும் யோசிக்க வேண்டியதாயிற்று.

இயந்திரத்தின் வால்

அமெரிக்காவில் ஜோசபின் காக்ரேன் 1886இல் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1893ஆம் ஆண்டின் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது இயங்கியது. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஓட்டல்காரர்கள். அதற்கு வேண்டிய வெந்நீர் ஏற்பாடு அன்றைய வீடுகளில் இல்லை. இயந்திரம் முன்னே வரும், குழாய் பின்னே வரும் என்ற இந்த வரிசை அப்போதே தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 1980களின் பிற்பகுதிக்குப் பின் சலவை இயந்திரம் பரவியபோதும் அதே வரிசைதான்.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் சலவை இயந்திரத்துக்கென்று இடம் இருக்காது. குழாய் எங்கே இருக்கிறதோ அங்கே, பெரும்பாலும் அடுக்களையை ஒட்டி, அது நிற்கும். அதன் பின்னால் வால்போல் தொங்கும் ஓஸ்தான் எல்லாச் சிக்கலுக்கும் இடம். பாதித் தானியங்கி வகைகள் பலவற்றில் நீரை மேலேற்றும் பம்ப் இல்லை. தொட்டியின் அடியிலிருந்து நீர் தன் எடையால் இறங்கும். அதன் ஓஸ் தரையிலுள்ள ட்ராப்புக்குப் போக வேண்டும்; தூக்கி சிங்கில் மாட்டினால் ஒரு சொட்டும் போகாது. முழுத் தானியங்கியில் நிலைமை நேரெதிர். அதில் பம்ப் உண்டு. ஓஸ் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி வளைந்து இறங்க வேண்டும். வளைவைத் தாழ்வாக விட்டு ஓஸின் வாயையும் கீழே இறக்கினால், நிரம்பும் நீர் தானே இழுபட்டு வெளியே போகும். இயந்திரம் நிரப்பிக்கொண்டே இருக்கும். அது போய்க்கொண்டே இருக்கும். பழுதுபார்க்க வருபவர் இயந்திரத்தைக் கழற்றுவதற்கு முன் வாலைப் பார்ப்பது நல்லது.

ஓஸைக் குழாய்க்குள் செருகி, நாற்றம் வராமலிருக்கக் காற்றுப் புகாதபடி டேப் சுற்றுவது இன்னொரு பழக்கம். காற்றுக்கு வழியில்லாத இணைப்பில் இழுவிசை ட்ராப்பிலுள்ள இரண்டங்குல நீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும். பூட்டுப் போனதும் எந்த நாற்றத்துக்குப் பயந்து அடைத்தார்களோ அதே நாற்றம் பக்கத்துச் சிங்க் வழியாக வரும். குடிநீர் சுத்திகரிப்புக் கருவியின் மெல்லிய கழிவுக்குழல், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் ஓஸ் ஆகியவற்றின் வாய் அழுக்குநீரில் மூழ்காமல் இடைவெளியுடன் நிற்க வேண்டும் என்ற விதியும் இதையொட்டியதே. முதன்மைக் குழாய் அடைத்து நீர் மேலேறினால், மூழ்கிய வாய் அதை உள்ளே திருப்பிக் கொண்டுவரும்.

சரிவின் விதி

சமவெளிக் கொத்தனாருக்கு எப்போதும் வாட்டம் போதாது. நான்கங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று, அதாவது பத்தடிக்கு மூன்றங்குலம் இறக்கம் என்பது பழைய கணக்கு. நீளமான ஒட்டு வீட்டில் பின்கட்டு அடுக்களையிலிருந்து தெருவாய்க்கால்வரை அதைக் கொண்டுவருவதற்குள் தரைமட்டம் தீர்ந்துவிடும்.

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். ஏறிய பிறகு இந்தக் கணக்கு தலைகீழாகிறது. கொட்டகுடி, குரங்கணி, முதுவாக்குடி, மேட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை என எங்கும் வாட்டம் கேட்காமலே கிடைக்கிறது. நீரும் அப்படியே வருகிறது. மேலிருக்கும் ஊற்றிலிருந்து கறுப்பு ஓஸ் இழுத்துவிட்டால் மோட்டார் இல்லாமலே அடுக்களையில் நீர் கொட்டும். சுமக்க வேண்டாத நீரைச் சிக்கனமாகச் செலவிட யாரும் பழகுவதில்லை.

வாட்டம் மிகுந்தால் நல்லது என்று தோன்றும். அது முழு உண்மை அன்று. செங்குத்தான குழாயில் நீர் விரைந்து ஓடிவிட, சோற்றுப்பருக்கையும் மாவும் பின்தங்கிப் படியும். குழாய் நிறைந்து இறங்கும் நீர்த்தூண் ட்ராப்பை உறிஞ்சிக் காலிசெய்யும். ஆகவே மலைவீட்டில் குழாயை ஒரே மூச்சில் இறக்காமல் இடையிடையே தொட்டி வைத்துப் படிபடியாக இறக்குவதும், மேலே திறந்த காற்றுக்குழாய் வைப்பதும் அவசியமாகின்றன. அடுக்களைக்குப் பின்னால் நிலம் பத்தடி இறங்கும் இடத்தில் சலவை இயந்திரத்தின் ஓஸைச் சன்னல் வழியாக நீட்டி வெளியே தொங்கவிட்டால், மேலே சொன்ன இழுப்பு முழு வேகத்தில் நடக்கும்.

குளிர் இன்னொரு வேலை செய்கிறது. தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். போடியில் ஆண்டின் பெரும்பகுதி அது திரவம். ஏலமலையில் பல மாதங்கள் திடப்பொருள். கேரள எல்லைக்குள் தேங்காயெண்ணெயில் சமைக்கும் வீட்டின் கழிவுக்குழாயில், கடலையெண்ணெய், நல்லெண்ணெய் வழக்கமுள்ள அடிவாரத்து வீட்டில் உருவாகாத வெள்ளை அடைப்பு உருவாகிறது. வெந்நீர் ஊற்றினால் அது கரைந்து, குழாயில் இன்னும் சற்றுத் தொலைவு போய் மறுபடி உறைகிறது.

ஏலத்தோட்டங்களின் லயங்களுக்கு இந்த நுணுக்கங்கள் தாமதமாகவே வந்தன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, குடிநீர், கழிப்பிடம் ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒரு வீட்டின் அடுக்களை நீர் அடுத்த வீட்டின் வாசலைக் கடந்துதான் இறங்க வேண்டியிருந்தது. மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையிலான சண்டைகளுக்கு வாய்க்கால் ஒரு நிரந்தரக் காரணம். போடி, தேனிப் பகுதி ஊர்களிலிருந்து விடியலில் ஜீப்பேறி மலைக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் பெண்களுக்கோ இரண்டு பக்கத்து அடுக்களையும் தெரியும்.

வாஸ்து பார்ப்பவர்கள் கழிவுநீர் வடக்கிலோ கிழக்கிலோ போக வேண்டும் என்பர். போடிப்பக்கச் சரிவு கிழக்கு நோக்கியே இறங்குவதால் சாத்திரத்துக்கும் நிலத்துக்கும் அங்கே பகையில்லை. மெட்டைத் தாண்டி மேற்கே இறங்கும் சரிவில் வீடு கட்டுபவர் இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடியும். மலை வழக்கமாக வென்றுவிடுகிறது.

கீழே இருக்கும் ஊர்

மெட்டு ஒரு நீர்ப்பிரிப்பு மேடு. மேற்குச் சரிவின் நீர் பன்னியாற்றில் சேர்ந்து பொன்முடி அணை வழியாகப் பெரியாற்றுக்கும் அரபிக்கடலுக்கும் போகிறது. கிழக்குச் சரிவின் நீர் கொட்டகுடி ஆறாக இறங்குகிறது. ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலையும் இதே வழியில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கி இறங்கியது. போடி நகரின் குடிநீருக்குக் கொட்டகுடி ஆறு ஆதாரம். அங்கிருந்து வைகையில் கலந்து 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையை அடையும் நீர் மதுரையின் குடிநீராகிறது. ஆகவே மலைச்சரிவின் அங்கணக்குழி என்பது அந்த வீட்டோடு முடியும் காரியம் அன்று. ஏலத்தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிமருந்தோடு ஒப்பிட்டால் அடுக்களைச் சோப்பு சிறிய குற்றவாளி. ஆனாலும் கோடையில் ஆறு மெலியும்போது அதன் பங்கு கூடுகிறது.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமப்புறத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குழாய்நீர் என்று இலக்கு வைத்தது. குழாய் வந்தால் அதில் பெரும்பகுதி கழிவுநீராக வெளியே வரும். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய ‘சுஜலாம்’ இயக்கம் ஊர்தோறும் உறிஞ்சுகுழிகள் தோண்டச் சொன்னது. அடியில் மண்ணாழம் உள்ள அடிவாரக் கிராமங்களுக்கு அது பொருந்தும்: குழி, உடைகல், மேலே மூடி. செங்குத்தாக வெட்டிய சரிவின் விளிம்பிலுள்ள வீட்டுக்கு அதே குழி ஆபத்து. மெல்லிய மண்ணுக்கும் பாறைக்கும் இடையே ஆண்டு முழுவதும் ஊறும் நீர் மழைக்காலத்தில் மண்ணை வழுக்கிவிடும். 2018 ஆகஸ்ட் மழையில் இடுக்கி மாவட்டத்தில் நேர்ந்த ஏராளமான மண்சரிவுகளுக்கு அடுக்களை நீர் காரணம் அன்று; ஆனால் சரிவில் எங்கே நீரை இறக்கக்கூடாது என்பதை அவை காட்டின.

அத்தகைய இடங்களுக்குக் குழியைவிடப் பாத்தி பொருந்துகிறது. சிங்கிலிருந்து வரும் நீரை முதலில் ஒரு சிறு தொட்டியில் நிறுத்தினால் எண்ணெய் மேலே மிதக்கும், மாவு அடியில் தங்கும். நடுநீரை மட்டும் எடுத்து, சரிவுக்குக் குறுக்கே வெட்டிய ஆழமில்லாத வாய்க்காலில் சேம்புக்கும் கல்வாழைக்கும் வாழைக்கும் விடலாம். சலவை இயந்திரத்தின் நீரை இதில் கலக்காமல் தனியே விடுவது நல்லது. ஒரே மூச்சில் வரும் அத்தனை லிட்டரைச் சிறிய தொட்டி தாங்காது, மிதக்கும் எண்ணெயையும் அது அடித்துக்கொண்டு போகும். மலையில் தொட்டியின் மேல் வெள்ளையாக உறைந்திருக்கும் எண்ணெய்ப்படலத்தை வாரம் ஒருமுறை அகப்பையால் வழித்தெடுக்க வேண்டும். சமவெளியில் உருகி ஓடிவிடும் அந்த எண்ணெயை, இங்கே குளிரே பிரித்துக் கையில் கொடுத்துவிடுகிறது.